பிஞ்சிலே பழுத்த ராபின்: 'சன் ஆஃப் பேட்மேன்' எங்கே சறுக்கியது?

அக்கா மகனுக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில், அவனோடு உட்கார்ந்து 2014-ல் வந்த 'சன் ஆஃப் பேட்மேன்' அனிமேஷன் படத்தைப் போட்டேன். பதிமூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு யோசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்காவில் சான்றிதழ் வாங்கிய படம் அது, அந்த விஷயத்தை அக்காவிடம் நான் சொல்லவில்லை. படம் பாதி ஓடியிருக்கும். பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "மாமா, இவனை யாருமே திட்ட மாட்டாங்களா?"

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இந்த ஒரு கேள்வி சரியான இடத்தில் கை வைத்தது. படத்தின் நாயகன் டேமியன் வெய்ன். பேட்மேனுக்கும் டாலியா அல் கூலுக்கும் பிறந்த பிள்ளை, டாலியாவின் அப்பா தலைமையிலான கொலைகாரக் கூட்டம் ஒன்று வாளும் விஷமும் சொல்லிக் கொடுத்து வளர்த்த பொடியன். நம் ஊரில் பிஞ்சிலே பழுத்தது என்போமே, அதற்கு அச்சு அசல் உதாரணம். திமிர், அதிகப்பிரசங்கித்தனம், யாரைப் பார்த்தாலும் ஒரு இளக்காரம். இவனைப் பிடிக்கவில்லை என்று நிறைய பேர் சொன்னார்கள், படத்தின் குறையே அதுதான் என்றும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேமியன் பிடிக்காத பையனாக இருக்கவேண்டும், அவன் படைக்கப்பட்டதே அதற்காகத்தான். படம் செய்த தப்பு வேறு. அவன் திமிருக்கு யாரும் விலை கொடுக்காதபடி பார்த்துக்கொண்டது. அவனும் கொடுக்கவில்லை, அவனால் அடிபட்டவர்களும் கொடுக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று புரிய கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

பேட்மேன் பக்கத்தில் ராபின் என்ற பட்டப்பெயரோடு ஒரு சிறுவன் என்ற யோசனை 1940-ல் வந்தது. 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 38-வது இதழ், பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கிய டிக் கிரேசன். காரணம் ரொம்ப நடைமுறையானது. பேட்மேன் தனியாகவே சுற்றினால் யாரிடம் பேசுவார்? ஷெர்லாக்குக்கு ஒரு வாட்சன் இருப்பதுபோல இவருக்கும் ஒரு ஆள் வேண்டும், எழுதுபவருக்கு அது வசதி. சர்க்கஸில் பிறந்து, அப்பா அம்மாவைக் கண்ணெதிரே இழந்து, ஆனாலும் சிரித்துக்கொண்டே தாவும் பையன். அவனைப் பிடிக்காதவர்கள் குறைவு. நாற்பது வருடங்களுக்கும் மேல் அவன்தான் ராபின்.

அடுத்து வந்தவன் ஜேசன் டாட். 1983-ல் அறிமுகமானபோது அவனும் ஒரு சர்க்கஸ் பையன், டிக்கின் நகல் மாதிரி. 1987-க்கு அப்புறம் அவன் கதையை மாற்றி எழுதினார்கள். தெருவில் வளர்ந்தவன், பேட்மேனின் காரிலேயே டயரைக் கழற்றித் திருடியவன், கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்காதவன் என்று ஆக்கினார்கள். வாசகர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அவனைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்த இதழ்களை வெளியிடும் டிசி பதிப்பகம் என்ன செய்தது தெரியுமா? 1988-ல், வில்லன் ஜோக்கரிடம் அடிபட்டு வெடிகுண்டு வெடித்த இடத்தில் அவனை விட்டுவிட்டு, அவன் பிழைக்கவேண்டுமா சாகவேண்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் ஓட்டுப் போடச் சொன்னது. இரண்டு எண்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட், 36 மணி நேரம். சாகட்டும் என்று 5,343 ஓட்டு, பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டே ஓட்டு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் செத்தான், காகிதச் சிறுவன்தான் என்றாலும். இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசையும், காசு கொடுத்துப் போன் போட்டிருக்கிறார்களே என்று. ஆனால் இதில் ஒரு பாடம் இருந்தது. பிடிக்காத ராபினை எழுதினால் வாசகர் அவனை மன்னிப்பார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அதனால் 1989-ல் வந்த மூன்றாவது ராபின் டிம் டிரேக்கை ரொம்ப ஜாக்கிரதையாகச் செதுக்கினார்கள். புத்திசாலி, பணிவு, பேட்மேன் யார் என்று தானாகவே கண்டுபிடித்தவன், இந்த மனிதர் தனியாக இருந்தால் கெட்டுப்போவார், அவருக்கு ஒரு ராபின் வேண்டும் என்று வந்து நின்றவன். அடுத்த பதினைந்து, பதினாறு வருடங்களில் வளர்ந்த வாசகர்களுக்கு ராபின் என்றால் டிம்தான்.

இந்த டிம்மைப் போட்டு அடிக்கத்தான் 2006-ல் டேமியன் வந்தான்.

கிராண்ட் மாரிசன் எழுதி ஆண்டி கூபர்ட் வரைந்த நான்கு இதழ்கள், 'பேட்மேன்' 655-லிருந்து 658 வரை. பேட்மேனுக்கும் டாலியாவுக்கும் குழந்தை என்பது மாரிசனின் சொந்தக் கற்பனை இல்லை, 1987-ல் மைக் பார் எழுதிய 'சன் ஆஃப் தி டீமன்' புத்தகத்திலேயே அப்படி ஒரு குழந்தை பிறந்து, அப்பாவுக்குத் தெரியாமல் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அதை அப்புறம் பதிப்பகமே கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. மாரிசன் அந்த நூலைப் பிடித்து இழுத்து, அந்தக் குழந்தை அம்மாவிடமே வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

அவர் எழுதிய டேமியனைச் சகிக்க முடியாது. பேட்மேனின் ஊரான கோத்தமுக்கு வந்த கையோடு ஸ்பூக் என்ற சில்லறை வில்லனின் தலையை வெட்டுகிறான். பேட்மேனின் ரகசியக் குகையில் இருக்கும் ராட்சத டைனோசர் பொம்மை மேல் வைத்து டிம்மை அடிக்கிறான், இனி ராபின் இடம் எனக்கு என்கிறான். அவன் பேசுவதைவிட மோசம் அவன் போடும் உச்சு. யார் என்ன சொன்னாலும் முதலில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம், காமிக்ஸில் அதை இரண்டே எழுத்தில் ஒரு குட்டிப் பலூனுக்குள் போடுவார்கள். வீட்டில் பெரியவர் பேசும்போது பிள்ளைகள் உச்சுக் கொட்டினால் முதுகில் ஒன்று விழும், இல்லையா? அந்த எரிச்சல் அப்படியே வரும்.

ஆனால் கவனியுங்கள், மாரிசன் அவனை நம்மிடம் கொண்டுவந்து கொடுத்த விதம். அவன் அடிப்பது டிம்மை, நாம் பதினேழு வருடமாக நேசித்த பையனை. அதனால் ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்கிறது, டேமியன் மேல் கோபம் வருகிறது, கோபம் வந்தால் அது கதைக்குள் நாம் இருப்பதற்கு அடையாளம். அதோடு இந்தப் பிள்ளையைப் பேட்மேன் மேல் ஏவிவிட்டதே அவன் அம்மாதான். டாலியா அந்தக் கதையில் வில்லி. கர்க் லாங்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானியின் மருந்தைப் பறித்து, தன் கொலையாளிகளை வௌவால் மனிதர்களாக மாற்றி, லண்டனில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குள் புகுத்தி பேட்மேனை அடிக்கிறாள். சுவரில் தொங்குவதெல்லாம் காமிக்ஸ் பாணி ஓவியங்கள், அவற்றில் எழுதியிருக்கும் சத்தச் சொற்களே கீழே நடக்கும் சண்டைக்குப் பின்னணி ஒலி ஆகிவிடும், அவ்வளவு குறும்பு. அந்தச் சண்டையின் முடிவில் அவள் கொடுக்கும் கடைசி ஆயுதம்தான் மகன். பையன் ஏன் இப்படி இருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் அவனுக்குப் பின்னாலேயே நிற்கிறது. அவனை அப்படி ஆக்கியவள் அவள். அவனோ அம்மாவையும் விடமுடியாமல், அப்பாவிடம் ஒட்டவும் முடியாமல் நடுவில் கிடக்கிறான்.

இந்த நான்கு இதழ் முடிவில் பையனைச் சாகடித்துவிடுவதாகத்தான் மாரிசன் முதலில் நினைத்திருந்தார். அப்புறம் மனசு மாறி வைத்துக்கொண்டார். நல்ல வேளை.

சரி, இப்போது படத்துக்கு வருவோம்.

'சன் ஆஃப் பேட்மேன்' தியேட்டருக்கு வந்த படம் இல்லை. 2007-லிருந்து வார்னர் பிரதர்ஸ் அனிமேஷன், டிசி கதைகளை எடுத்து நேரடியாக டிவிடி வட்டுக்கு ஒரு வரிசை தயாரித்துவந்தது, அதில் ஒன்று. ஈதன் ஸ்பால்டிங் இயக்கம், கதை ஜேம்ஸ் ராபின்சன், திரைக்கதை ஜோ லான்ஸ்டேல். லான்ஸ்டேல் நாவலாசிரியர், தொண்ணூறுகளின் பேட்மேன் தொடருக்கும் எழுதியவர், ஆள் சாமானியப்பட்டவர் இல்லை. 74 நிமிடம். இந்த வரிசைப் படங்கள் எல்லாமே அந்த அளவுதான், எழுபத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே இருக்கிறது, அதைச் சொல்லிவிடவேண்டும். மலைக்கோட்டையில் டாலியாவின் அப்பா ராஸ் அல் கூலின் கூட்டம், பேரனுக்கு வாள் பயிற்சி, அந்த நேரத்தில் டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிக்கொலையாளி ஒரு படையோடு புகுந்து எல்லாவற்றையும் தரைமட்டமாக்குகிறான். தாத்தா உடல் கருகிக் கிடக்கிறார், அவரைத் திரும்ப எழுப்பும் லாசரஸ் குளத்தாலும் இனி முடியாது என்ற நிலை. பையன் டெத்ஸ்ட்ரோக்கோடு மோதி அவன் கண்ணிலேயே வாளைப் பாய்ச்சுகிறான். டெத்ஸ்ட்ரோக்குக்கு ஒற்றைக் கண் என்பது காமிக்ஸ் வாசகர் எல்லோருக்கும் தெரியும், அதற்குக் காரணமே இந்தப் பொடியன்தான் என்று படம் சொல்கிறது. பார்க்கும்போது விசில் அடிக்கத் தோன்றும்.

யோசித்தால் அங்கேதான் படம் சறுக்க ஆரம்பிக்கிறது. உலகத்தின் மிக ஆபத்தான கூலிக்கொலையாளி என்று பெயர் வாங்கியவனின் கண்ணை ஒரு பிள்ளை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால், அதற்கு மேல் அவன் எதற்குப் பயப்படுவான்? அவனுக்காக நாம்தான் எதற்குப் பயப்படுவோம்?

அப்புறம் நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வில்லி டாலியாவின் இடத்தில் டெத்ஸ்ட்ரோக் வந்துவிட்டான், வௌவால் மனிதர்களும் லாங்ஸ்ட்ராமின் மருந்தும் அவன் கணக்குக்குப் போய்விட்டன. டாலியா இப்போது அப்பாவை இழந்து, பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பேட்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் தாய், பாதியில் வில்லனிடம் மாட்டிக்கொள்கிறாள், காப்பாற்றப்படக் காத்திருக்கிறாள். அவள் ஒரு கொலைகாரக் கூட்டத்தின் வாரிசு, பிள்ளையைக் கொலை செய்யப் பழக்கியவள் என்பதெல்லாம் காற்றில் போய்விட்டது. அம்மா நல்லவள், தாத்தா பாவம், செத்துவிட்டார். அப்படியானால் இந்தப் பிள்ளை ஏன் இப்படி? படத்திடம் பதில் இல்லை. பதில் இல்லாத திமிர் வெறும் திமிராகவே நிற்கிறது, குணக்கோளாறு மாதிரி.

டெத்ஸ்ட்ரோக்கிடம் ஒரு நல்ல சரக்கு இருந்தது, அதையும் படம் தொடவில்லை. ராஸ் அல் கூலுக்கு அடுத்து கூட்டத்தின் தலைமை தனக்குத்தான் என்று நம்பியிருந்தவன் அவன், இப்போது அந்த இடம் ஒரு பேரனுக்கு. தான் உழைத்துக் காத்திருந்த நாற்காலியில் பிறப்பால் ஒரு பொடியன் வந்து உட்காருவதைப் பார்க்கும் ஆள். இந்த வயிற்றெரிச்சல் அரசியலிலும் கடையிலும் சொந்தக்காரர் வீட்டிலும் நமக்குத் தெரிந்த விஷயம். அதைக் கொஞ்சம் பேசவிட்டிருந்தால், டேமியன் கையில் இருப்பது தகுதியா பரம்பரைச் சொத்தா என்ற கேள்வி அவன் மேலேயே திரும்பியிருக்கும். படம் அந்த வரியைச் சொல்லிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது.

பெரிய இழப்பு டிம் டிரேக். படத்தில் அவன் இல்லவே இல்லை. அவன் செய்யவேண்டிய வேலையைச் செய்ய நைட்விங், அதாவது வளர்ந்துவிட்ட டிக் கிரேசன், இருக்கிறார். கோத்தமில் உபு என்ற துரோகியைக் கொல்ல டேமியன் தனியாகப் போகிறான், நைட்விங் குறுக்கே வந்து தடுக்கிறார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள். ஆகா, இப்போதுதான் படம் சூடு பிடிக்கிறது என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், காட்சி வெட்டு. அடுத்து குகை. நைட்விங் உடம்பெல்லாம் வெட்டுக்காயம், டேமியன் கட்டப்பட்டுக் கிடக்கிறான்.

நான் ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், எதையாவது தவறவிட்டோமா என்று. இல்லை. படத்தில் டேமியன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்ற ஒரே சண்டை, அதைத்தான் நமக்குக் காட்டவில்லை. ஒரு நகைச்சுவை மாதிரி செய்திருக்கிறார்கள், புரிகிறது, வெட்டிய விதத்தில் சிரிப்பும் வருகிறது. ஆனால் இந்தப் பையன் அடி வாங்குவதைப் பார்க்கவேண்டும் என்று பார்வையாளர் மனசு கிடந்து ஏங்கும் நேரத்தில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், அந்த எரிச்சல் எங்கே போகும்? போகாது. கடைசி வரை நம்மோடே உட்கார்ந்திருக்கும். அக்கா மகன் அந்தக் கேள்வியைக் கேட்டதும் இதற்குக் கொஞ்சம் அப்புறம்தான்.

பேட்மேன் என்ன செய்துகொண்டிருந்தார்? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. எதிர்பாராத நேரத்தில் தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று தெரிந்த மனிதனின் முகத்தில் வரவேண்டிய அதிர்ச்சி, வெட்கம், ஆத்திரம், கொஞ்சம் சந்தோஷம், எதுவும் வருவதில்லை. பையனும் அப்பாவைப் பார்த்த முதல் நிமிடமே, இன்னும் உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறான், காமிக்ஸிலிருந்தே எடுத்தது. அருமையான வரி. ஆனால் துடுக்கான வரி எடுபடுவது சொல்பவன் வாயில் இல்லை, கேட்பவன் முகத்தில். வீட்டில் குழந்தை ஏதாவது அதிகப்பிரசங்கியாகச் சொன்னால் நாம் எல்லோரும் சிரிப்பது தாத்தாவின் முகம் போகும் போக்கைப் பார்த்துத்தான். இங்கே அப்பா கல்லு மாதிரி நிற்கிறார். குரல் கொடுத்த ஜேசன் ஓமாராவைக் குறை சொல்லமாட்டேன், எழுதிக் கொடுத்ததைத்தானே பேசமுடியும். பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் நமக்காகப் புருவம் தூக்குகிறார், டேவிட் மெக்கலம் குரலில், அந்த இடங்களில் மட்டும் படத்துக்கு உயிர் வருகிறது.

டேமியனுக்குக் குரல் கொடுத்தது ஸ்டூவர்ட் ஆலன், நிஜமாகவே சிறுவன் அப்போது. பெரியவர்கள் குரலை மாற்றிப் பேசும் பழக்கம் அனிமேஷனில் சகஜம், இங்கே அப்படிச் செய்யாதது நல்ல முடிவு. 2020 வரை வந்த தொடர்ச்சிப் படங்களிலும் அவர்தான், அவர் குரல் உடைந்து வளர்ந்ததுபோலவே பாத்திரமும் வளர்ந்தது.

இத்தனையும் ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், நேரமும் அவசரமும் என்பேன். 2013-ல் இந்தப் படவரிசையின் பொறுப்பு புரூஸ் டிம் கையிலிருந்து ஜேம்ஸ் டக்கர் கைக்கு மாறியது. அதுவரை ஒவ்வொரு படமும் பெரும்பாலும் தனிக்கதை, இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒட்டு உறவு இருக்காது. 2011-ல் டிசி தன் காமிக்ஸ் மொத்தத்தையும் புதிதாகத் தொடங்கியதை ஒட்டி, படங்களையும் ஒரே உலகமாகக் கோக்கலாம் என்று முடிவானது. 2013-ல் ஃப்ளாஷ் படம் பழையதை அழித்தது, 2014 தொடக்கத்தில் ஜஸ்டிஸ் லீக் படம் புதியதைத் தொடங்கியது, அதற்கு அடுத்ததே 'சன் ஆஃப் பேட்மேன்'. அதாவது இந்தப் படத்துக்கு ஒரு கதை சொல்லும் வேலை மட்டும் இல்லை, பின்னால் வரப்போகும் பத்துப் பதினைந்து படங்களுக்கு ஒரு ராபினைத் தயார் செய்து கொடுக்கும் வேலையும் இருந்தது. அப்படிப்பட்ட பையன் கடைசிக் காட்சியில் திருந்தியே ஆகவேண்டும். டெத்ஸ்ட்ரோக்கைக் கொல்லக் கை ஓங்கிவிட்டு, நான் பேட்மேனின் மகன் என்று விட்டுவிடவேண்டும். விட்டுவிடுகிறான். நமக்குத்தான் ஒட்டவில்லை, ஏனென்றால் அப்பாவிடம் அவன் அதைக் கற்றுக்கொண்ட காட்சி எங்கேயும் இல்லை. முதலைத் தோல் கில்லர் கிராக் ஒரு சண்டை, நிஞ்சாக்கள் ஒரு சண்டை, வௌவால்கள் ஒரு சண்டை, கடலடித் தளத்தில் இன்னொரு பெரிய சண்டை, இதையெல்லாம் கழித்தால் அப்பாவும் மகனும் ஒரே இடத்தில் நின்று பேசும் நேரம் கைவிரலில் அடங்கும்.

74 நிமிடத்தில் முடியாது என்று சொல்லவும் முடியாது. இதே வரிசையில் 2010-ல் வந்த 'அண்டர் தி ரெட் ஹூட்' இதே நீளம்தான், செத்துத் திரும்பிவந்த ஜேசன் டாடின் கதை, அவனும் கொலை செய்பவன், வாய்த்துடுக்கு உள்ளவன். ஆனால் அவன் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் அப்பா ஸ்தானத்தில் இருக்கும் பேட்மேனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது: என்னைக் கொன்றவனை நீ ஏன் இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாய்? இந்த ஒற்றைக் கேள்வி மொத்தப் படத்தையும் தாங்குகிறது. டேமியனுக்கு அப்படி ஒரு கேள்வியைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால் 2014-ல் இந்தப் படம் வரும்போது காமிக்ஸில் டேமியன் செத்துப்போயிருந்தான். 2013 பிப்ரவரியில் வந்த 'பேட்மேன் இன்கார்ப்பரேட்டட்' எட்டாவது இதழில், தன்னைப் போலவே செய்யப்பட்ட ராட்சத நகலின் கையால், அம்மா தொடங்கிய போரில். யாரை ஏழு வருடம் முன்பு வெறுத்தார்களோ அவனுக்காக வாசகர்கள் அழுதார்கள். அடுத்த மாதம் பீட்டர் டொமாசியும் பேட்ரிக் க்ளீசனும் 'பேட்மேன் அண்ட் ராபின்' 18-வது இதழை வசனமே இல்லாமல் வெளியிட்டார்கள், மகன் இல்லாத வீட்டில் அப்பா நடமாடுவது மட்டும். நான் அதை ஒரு பேருந்துப் பயணத்தில் செல்போனில் படித்தேன், பக்கத்தில் இருந்தவர் என்ன தம்பி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏழு வருடத்தில் என்ன நடந்தது? 2009-ல் மாரிசனும் ஃப்ராங்க் குவைட்லியும் ஒரு காரியம் செய்தார்கள். புரூஸ் வெய்ன், அதாவது நிஜப் பேட்மேன், செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய காலம் அது. டிக் கிரேசனைப் பேட்மேன் ஆக்கி, டேமியனை அவருக்கு ராபின் ஆக்கினார்கள். எப்போதும் உம்மென்று இருக்கும் பேட்மேனும் சிரிக்கும் ராபினும் என்ற பழைய ஜோடி தலைகீழானது. சிரிக்கும் பேட்மேன், உம்மென்று இருக்கும் ராபின். டேமியன் அவரை மதிக்கவில்லை, நீ என் அப்பா இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னான், தனியாகப் போய் அடிபட்டான். டிக் அவனைத் திட்டினார், கிண்டல் செய்தார், திரும்ப ஏற்றுக்கொண்டார். அப்பாவின் வரைபடத்தை வைத்து அவனே கட்டி முடித்த பறக்கும் காரைப் பெருமையாக ஓட்டினார். ஒரு முசட்டுப் பிள்ளை நல்ல அண்ணன் ஒருவரிடம் மாட்டினால் என்ன ஆகுமோ அது ஆனது, மெதுவாக, பாதி அவனுக்கே தெரியாமல்.

பிறகு விலங்குகள். அவனுக்கு டைட்டஸ் என்று ஒரு பெரிய நாய் வந்தது. 2012-ல் ஒரு கசாப்புக் கூடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு, இனிமேல் நான் மாமிசம் சாப்பிடமாட்டேன், இது என் மாடு என்று முகத்தில் வௌவால் மாதிரி மச்சம் உள்ள ஒரு பசுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான், பெயர் பேட்-கௌ. சொல்லும்போது கேலிக்கூத்தாக இருக்கும். ஆனால் தலை வெட்டிய பிள்ளை ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது அவனைப் பற்றிய கணக்கை நாம் திருத்தி எழுதித்தான் ஆகவேண்டும். கொலையும் செய்தான், 2012-ல் நோபடி என்ற ஆளை, அப்பா கண்ணெதிரே. அதற்கு அவன் விலை கொடுத்தான், அப்பாவும் கொடுத்தார், பக்கம் பக்கமாக.

இதில் பாதியைக்கூட ஒரு படத்தில் அடக்கமுடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாய்க்குட்டி அடங்கும். ஒரு சரியான திட்டு அடங்கும்.

அடுத்த வருடமே வந்த 'பேட்மேன் வெர்சஸ் ராபின்' இதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஜே ஒலிவா இயக்கம், டிமாட்டீஸ் எழுத்து. அங்கே டேலன் என்றொரு ஆள் வந்து, உன் அப்பா உன்னை நம்பமாட்டார், நான் நம்புகிறேன் என்று பையனை இழுக்கிறான். பையன் தடுமாறுகிறான், அப்பாவோடேயே நிஜமாக மோதுகிறான், இரண்டு பேருக்கும் வலிக்கிறது. முடிவில் சமாதானமாகி வீட்டுக்கு வருவதில்லை, தன்னைத் தேடி இமயமலையில் ஒரு மடத்துக்குப் போகிறான். அதே பையன், அதே குரல், அதே திமிர்தான். எனக்கு அவனைப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான். 2016-ல் டீன் டைட்டன்ஸோடு வந்த படத்தில் தன் வயதுப் பிள்ளைகள் நடுவில் அவனை உட்கார வைத்தார்கள், அவன் அதிகாரம் அங்கே செல்லுபடியாகவில்லை, இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டான். 2023-ல் வந்த 'மெர்ரி லிட்டில் பேட்மேன்' வேறு வழியில் போனது. அவனை வயதைக் குறைத்து, பல் விழுந்த சுட்டிப் பையன் போல ஆக்கி, கிறிஸ்துமஸ் கலாட்டாவில் விட்டுவிட்டது. சிரிப்பாக இருந்தது, ஆனால் அது டேமியன் இல்லை, டேமியன் பெயர் வைத்த வேறு குழந்தை. கூர் எல்லாம் தேய்த்துவிட்டால் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது?

2023 ஜனவரியில், டிசி படங்களின் பொறுப்பை ஏற்றிருந்த ஜேம்ஸ் கன் ஒரு பேட்மேன் படத்தை அறிவித்தார், ஆட்கள் நடிக்கும் படம், மாரிசன் காமிக்ஸை ஒட்டி, டேமியன்தான் ராபின். அதன் முன்னோட்டம் வரும் நாளில் நான் வௌவால் காரையோ வில்லனையோ தேடமாட்டேன். குகையில் வேறு எந்தப் பிள்ளை நிற்கிறது, டேமியன் வந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் எப்படிப் போகிறது, அதைத்தான் பார்ப்பேன்.

படம் முடிந்த அன்று சாயங்காலம் அக்கா மகனிடம் பேட்-கௌ வரும் பக்கத்தைக் காட்டினேன். நிஜமாகவே இவன்தானா என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் செல்போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மாட்டை எங்கே கட்டிப்போடுவான், குகையிலா என்று கேட்டான்.